அப்பா பெயரில் இணையம். சாவி யார் கையில்?

தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், சில வீடுகளில் சாமி மேடைக்குக் கீழே, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு ஒரு சிறிய பெட்டி இருக்கும். இணையச் சேவையைப் பொருத்த வந்தவர் அதை வைத்துவிட்டு, "கடவுச்சொல் அடியில ஒட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். நாமும் பெட்டியைத் திருப்பி, ஒட்டியிருக்கும் தாளைக் கைப்பேசியில் படம் பிடித்துக் குடும்பப் புலனக் குழுவில் போட்டிருப்போம். அன்றோடு அந்தப் பெட்டியை மறந்திருப்போம்.

கோல சிலாங்கூர், ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று வட சிலாங்கூரின் தோட்டப்புற வீடுகள் பலவற்றில் இதுதான் நிலை. 2020 மார்ச் 18இல் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தபோது, அவசர அவசரமாக இணையம் வாங்கிய குடும்பங்கள் ஏராளம். சிலர் ஃபைபர் இணைப்பு எடுத்தார்கள். கம்பி வராத தோட்டங்களில் சிம் அட்டை போடும் ரூட்டரை வாங்கினார்கள். பாடம் நடந்தால் போதும் என்ற நிலையில் அமைப்பை யார் பார்ப்பார்கள்? பெட்டி வந்தபோது எப்படி இருந்ததோ, அப்படியேதான் பல வீடுகளில் இன்றும் இருக்கிறது.

அதனால் என்ன என்கிறீர்களா? அந்த இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். பெரும்பாலும் அப்பாவின் பெயர், அல்லது அம்மாவின் பெயர். கையெழுத்துப் போட்டவர் அவர். பெட்டியைப் பற்றித் தெரிந்தவர் நீங்கள். இந்தக் கட்டுரை அதனால்தான் உங்களுக்கு எழுதப்படுகிறது.

சட்டம் யாரைக் கேட்கும்?

நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 2012 ஜூலை 31ஆம் தேதி நடப்புக்கு வந்தது. இணையத்தில் வெளியான ஒரு பதிவு எந்த இணைப்பிலிருந்து புறப்பட்டதோ, அந்த இணைப்பின் சந்தாதாரராகப் பதிவு செய்யப்பட்டவரே அதை வெளியிட்டவர் என்று அனுமானிக்க அது வழி செய்கிறது. அப்படி இல்லை என்று நிரூபிக்கும் வரை அந்த அனுமானம் நிற்கும். வழக்கமாகக் குற்றம் சாட்டுபவர்தான் நிரூபிக்க வேண்டும். இங்கே "நான் இல்லை" என்று காட்டும் சுமை சந்தாதாரரின் தோளில் வந்து விழுகிறது.

இந்தப் பிரிவை எதிர்த்து 2012 ஆகஸ்ட் 14ஆம் தேதி பல மலேசிய இணையத்தளங்கள் ஒரு நாள் கறுப்புத் திரை போட்டன. ஆனாலும் பிரிவு சட்டத்தில் நீடிக்கிறது. இது ஏட்டில் மட்டும் இருக்கும் பிரிவும் அல்ல. 2021 பிப்ரவரி 19ஆம் தேதி, வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக மலேசியாகினி செய்தித்தளத்துக்குக் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. அந்த வழக்கில் இதே 114ஏ பிரிவின் இன்னோர் உட்பிரிவு பேசப்பட்டது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். உங்கள் வீட்டில் ஐந்து கைப்பேசி, ஒரு மடிக்கணினி, ஒரு தொலைக்காட்சி இருக்கலாம். உள்ளே ஏழு கருவிகள். வெளி உலகுக்கு அத்தனையும் ஒரே முகவரியாகத்தான் தெரியும். ரூட்டர் எல்லாருடைய கடிதத்தையும் வாங்கி, ஒரே அனுப்புநர் முகவரியை எழுதி அஞ்சலில் சேர்க்கும் வேலையைச் செய்கிறது. வாசலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு எட்டாவது ஆள் உங்கள் வைஃபையில் நுழைந்து, ஒருவரை மிரட்டியோ ஒரு மதத்தை இழிவுபடுத்தியோ ஏதாவது எழுதினால், அதுவும் அந்த முகவரியோடுதான் போகும். தடயம் தேடி வருபவர்கள் முதலில் தட்டும் கதவு உங்களுடையது. எண்ணெய்ப்பனைக் குலை அறுத்துவிட்டு வந்து களைத்துப் படுத்திருக்கும் அப்பா, தனக்குப் புலனத்தைத் தவிர ஒன்றும் தெரியாது என்று எப்படி நிரூபிப்பார்?

லயத்தில் ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் நாலு வீடு தள்ளி மணக்கும். வைஃபையும் அப்படித்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி நன்றாகப் போகும். ஒட்டி ஒட்டி இருக்கும் வீடுகளில் உங்கள் சமிக்ஞை உங்கள் வீட்டோடு நிற்பதில்லை.

எங்கள் வீட்டில் திருட என்ன இருக்கிறது?

பெற்றோரிடம் பேச்சை எடுத்தால் முதலில் வரும் பதில் இதுதான். நியாயமான கேள்வி. பதில்: திருடன் தேடுவது உங்கள் வீட்டுப் பொருளை மட்டும் அல்ல, உங்கள் பெட்டியையே தேடுகிறான்.

2016ஆம் ஆண்டில் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுவதும் பரவியது. அதன் வேலை மிக எளிது. இணையத்தில் எதேச்சையாக ஒரு முகவரியைத் தேர்ந்தெடுக்கும். அங்கே ஒரு ரூட்டரோ கண்காணிப்புக் கேமராவோ இருந்தால், தொழிற்சாலை வைத்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டுப் பார்க்கும். 'அட்மின், அட்மின்' என்பது போன்ற 60க்கும் மேற்பட்ட ஜோடிகள் அதன் பட்டியலில் இருந்தன. ஒன்று பொருந்தினால் போதும், பெட்டி அதன் படையில் சேர்ந்துவிடும். இந்தச் சிறிய பட்டியலை வைத்தே லட்சக்கணக்கான கருவிகளை அது பிடித்தது. 2016 அக்டோபர் 21ஆம் தேதி அப்படிப் பிடிபட்ட கருவிகள் டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தை ஒரே நேரத்தில் தாக்கின. டுவிட்டர், நெட்ஃபிலிக்ஸ், ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் பல மணி நேரம் தடுமாறின.

அந்த நிரலை முதலில் எழுதியவர்கள் யார் தெரியுமா? 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது அந்த மூவருக்கும் வயது 20, 21தான். அவர்களில் ஒருவரான பராஸ் ஜா நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். மிராயின் நிரலை அவர்கள் வெளியில் விட்ட பிறகு, யார் யாரோ அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். தன் பல்கலைக்கழகத்தின் கணினிக் கட்டமைப்பையே பலமுறை முடக்கிய இன்னொரு வழக்கில் பராஸ் ஜாவுக்கு 86 லட்சம் அமெரிக்க டாலர் இழப்பீடு கட்டும்படி 2018இல் தீர்ப்பானது. திறமையைத் தவறான பக்கம் திருப்பியதற்கு அவர் கொடுக்கும் விலை அது.

இது நமக்குத் தூரத்துக் கதை என்று தோன்றினால், 2017 ஜூலையில் இந்தியாவில் நடந்ததைப் பாருங்கள். அரசு நிறுவனமான பிஎஸ்என்எல்லின் வாடிக்கையாளர் வீடுகளில் இருந்த மோடங்களை ஒரு தீநிரல் தாக்கியது. கர்நாடகத்தில் பாதிப்பு அதிகம். இணையம் அறுந்து வீடுகள் தவித்தன. 'அட்மின்' என்ற பழைய கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட மோடங்கள்தான் பாதிக்கப்பட்டன என்று சொன்ன நிறுவனம், உடனே அதை மாற்றும்படி வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. ஐந்து நிமிட வேலை. செய்யாமல் விட்டதால் வந்த வினை.

பெட்டி பறிபோனால் பணமும் போகலாம். ஒரு தளத்தின் பெயரை நீங்கள் தட்டினால், அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடிக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர். பழைய தொலைபேசிப் புத்தகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக் கருவிகளுக்குச் சொல்வது ரூட்டர். உள்ளே நுழைந்தவன் புத்தகத்தையே மாற்றி வைத்துவிட்டால், வங்கியின் பெயரைச் சரியாகத் தட்டினாலும் போலித் தளத்தில் போய் நிற்கலாம். 2011, 2012ஆம் ஆண்டுகளில் பிரேசிலில் சுமார் 45 லட்சம் மோடங்களில் இப்படித்தான் டிஎன்எஸ் மாற்றப்பட்டது. அதனால் வங்கித் தளத்தைத் திறக்கும்போது, இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்று உலாவி எச்சரித்தால், அதைத் தாண்டிப் போகாதீர்கள் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

ஒரு பெட்டி, இரண்டு பூட்டு

பலர் குழம்பும் இடம் இது. ரூட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு.

முதலாவது, வைஃபை கடவுச்சொல். இது வீட்டுக்குள் வருவதற்கான சாவி. விருந்தாளி கேட்கும்போது நாம் கொடுப்பது இதைத்தான்.

இரண்டாவது, நிர்வாகக் கடவுச்சொல். இது பெட்டியின் அமைப்பு அறைக்குள் போவதற்கான சாவி. வைஃபையின் பெயர், கடவுச்சொல், டிஎன்எஸ் எல்லாவற்றையும் மாற்றும் அதிகாரம் இதில் இருக்கிறது.

"நாங்கள் வைஃபை கடவுச்சொல்லை மாற்றிவிட்டோம்" என்று சொல்லும் வீடுகளில்கூட இரண்டாவது பூட்டு பழையபடியே கிடக்கும். அப்படிப்பட்ட வீட்டில் வைஃபை கிடைத்த எந்த விருந்தாளியும் அமைப்பு அறைக்குள் போகலாம். முன்கதவுக்குப் புதுப் பூட்டு போட்டுவிட்டு, அலமாரியைத் திறந்து வைத்த மாதிரிதான்.

அரை மணி நேர வேலை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைத் தேர்ந்தெடுங்கள். முதலில் அப்பா அம்மாவிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். வேலை நடக்கும்போது இணையம் அறுபடும் என்பதால், அம்மா தொடர் பார்க்கும் நேரத்தில் ஆரம்பித்து வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

1. பெட்டியின் அடியில் இருக்கும் தாளைப் படியுங்கள். அமைப்புப் பக்கத்தின் முகவரி அதில் இருக்கும். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. சில சிம் ரூட்டர்களில் 192.168.8.1. தாள் கிழிந்துபோயிருந்தால், கைப்பேசியின் வைஃபை விவரத்தில் 'கேட்வே' அல்லது 'ரூட்டர்' என்ற இடத்தில் அதே எண் தெரியும். வீட்டு வைஃபையில் இருந்தபடி, உலாவியின் முகவரிப் பட்டையில் அந்த எண்ணைத் தட்டுங்கள்.

2. உள்ளே போனதும் முதல் வேலை, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவது. 'அட்மினிஸ்ட்ரேஷன்', 'சிஸ்டம்', 'மெயின்டனன்ஸ்' என்று பெட்டிக்குப் பெட்டி அந்தப் பகுதியின் பெயர் மாறும். புதியதைச் சேமித்தவுடன் நோட்டில் எழுதுங்கள்.

3. வைஃபையின் பெயரை மாற்றுங்கள். தொழிற்சாலை வைத்த பெயர் பல நேரம் பெட்டியின் மாதிரியைக் காட்டிக்கொடுக்கும். அதற்காக வீட்டு எண்ணையோ அப்பா பெயரையோ வைக்க வேண்டாம். பெயரை மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். அது பயன் தராது. மறைந்த பெயரைக் கண்டுபிடிக்கும் கருவிகள் இருக்கின்றன.

4. பாதுகாப்பு வகையை டபிள்யூபிஏ3 என்று வையுங்கள். வீட்டில் பழைய கைப்பேசி இருந்து அது இணையாவிட்டால் டபிள்யூபிஏ2 போதும். டபிள்யூஇபி என்று இருந்தால் உடனே மாற்றுங்கள். அந்த முறை 2001ஆம் ஆண்டிலேயே உடைக்கப்பட்டது.

5. புதிய வைஃபை கடவுச்சொல் வையுங்கள். எப்படி வைப்பது என்பதைக் கீழே பார்ப்போம்.

6. டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். பொத்தானை அழுத்தியோ 8 இலக்க எண்ணைத் தட்டியோ சுலபமாக இணையும் வசதி அது. 8 இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்புகள் இருக்க வேண்டும். ஆனால் ரூட்டர் முதல் 4 இலக்கத்தைத் தனியாகவும், மீதியைத் தனியாகவும் சரிபார்க்கிறது. கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. ஆகவே உண்மையில் 10,000 கூட்டல் 1,000, மொத்தம் 11,000 முயற்சிகள் போதும். 2011 டிசம்பரில் இந்தக் குறை வெளியுலகுக்குத் தெரிந்தது. தவறான முயற்சிகளைத் தடுக்காத பழைய பெட்டிகளை இந்த வழியில் சில மணி நேரத்தில் திறந்துவிடலாம். நிகழ்தகவு படிக்கும் மாணவர்கள் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள்.

7. 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்பதும் அணைந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே இருந்து அமைப்பு அறையைத் திறக்கும் வழி அது. நமக்கு அது தேவையில்லை.

8. டிஎன்எஸ் பகுதியைப் பாருங்கள். 'தானியங்கி' என்று இருந்தால் உங்கள் சேவை நிறுவனத்தின் ஏற்பாடு நடப்பில் இருக்கிறது. எண்கள் இருந்தால் அவை யாருடையவை என்று பாருங்கள். 8.8.8.8 கூகுளுடையது. 1.1.1.1 கிளவுட்ஃபிளேருடையது. யாரும் போடாத, யாருக்கும் தெரியாத எண் இருந்தால் சேவை நிறுவனத்தை அழைத்துக் கேளுங்கள்.

9. 'ஃபர்ம்வேர்' என்பது பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள். கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைப்பது அதன் புதிய பதிப்பு. புதுப்பிப்பு இருந்தால் செய்யுங்கள். பாதியில் மின்சாரத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்து எண்ணுங்கள். வீட்டில் ஏழு இருந்து பட்டியலில் பத்து இருந்தால், மூன்று யாருடையவை என்று இனித் தெரிந்துவிடும். புதிய கடவுச்சொல் இல்லாமல் அவை திரும்ப வர முடியாது.

ஓர் எச்சரிக்கை. பெட்டியின் பின்னால் ஊசியால் அழுத்தும் 'ரீசெட்' துளை இருக்கும். நிர்வாகக் கடவுச்சொல் மறந்தால் அதை அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். ஆனால் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் சேவை நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெட்டிக்குள் இருக்கும். ரீசெட் செய்தால் அவையும் அழிந்து, வீட்டில் இணையமே இல்லாமல் போகும். அந்த விவரம் கையில் இல்லாமல் துளைப் பக்கம் போகாதீர்கள். அழுத்திய பிறகு எல்லாம் பழைய தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும் என்பதால், மேலே சொன்ன வேலைகளை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

வீட்டில் கண்காணிப்புக் கேமரா இருந்தால் அதன் கடவுச்சொல்லையும் அதே நாளில் மாற்றுங்கள். மிராய் பிடித்த கருவிகளில் பல கேமராக்களே.

கைப்பேசி எண் கடவுச்சொல் ஆகுமா?

நம் வீடுகளில் அதிகம் காணும் வைஃபை கடவுச்சொல் அப்பாவின் கைப்பேசி எண். ஞாபகம் வைக்கச் சுலபம். ஆனால் கணக்கைப் பாருங்கள்.

டபிள்யூபிஏ2 வைஃபையை உடைக்க நினைப்பவன் உங்கள் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு கருவி வைஃபையில் இணையும்போது பரிமாறப்படும் தகவலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். அங்கே அவனுடைய கணினி ஆற அமரச் சோதிக்கும். வினாடிக்கு 1 லட்சம் சொற்களைச் சோதிக்கும் கணினி என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டுக் கைப்பேசி எண்களின் அமைப்பில் வரக்கூடிய எண்கள் சுமார் 20 கோடி. எல்லாவற்றையும் சோதிக்க 2,000 வினாடி, அதாவது 33 நிமிடம் போதும். பிறந்த தேதி என்றால் ஒரு வினாடிகூட ஆகாது.

அதே கணினிக்கு, எந்த ஒழுங்கும் இல்லாத 12 சிறிய ஆங்கில எழுத்துகளைக் கொடுங்கள். 26ஐ 12 தடவை பெருக்கினால் வரும் அத்தனை வாய்ப்புகளையும் முடிக்க ஏறக்குறைய 30,000 ஆண்டுகள் ஆகும்.

12 எழுத்தை எப்படி ஞாபகம் வைப்பது? ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். முறுக்கு, ஏணி, தபால், ஆமை, ஊஞ்சல் என்பது போல. பாட்டிக்கும் சொல்லிக் கொடுக்கலாம். பழமொழி, படப் பெயர், பாட்டு வரி வேண்டாம். அவை பட்டியலில் இருக்கும். இங்கே எழுதியிருக்கும் ஐந்தும் வேண்டாம். இனி அவை ரகசியம் அல்ல.

எழுதி வைப்பது ஆபத்து இல்லையா? வீட்டுக் கோப்பில், மின்சார பில்லோடு ஒரு தாளில் எழுதி வைப்பதில் தவறில்லை. உங்கள் ரூட்டரைத் தேடும் தீநிரல் அலமாரியைத் திறக்காது. பெட்டியின் மேலேயே ஒட்டி வைப்பதும், புலனக் குழுவில் போடுவதும்தான் வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்கு இல்லை என்று சொல்வதா?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது உண்மையான சங்கடம். சீனி தீர்ந்தால் பக்கத்து வீட்டில் கேட்பவர்கள் நாம். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு வீட்டு வைஃபையில் நாலு வீட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். "அக்கா, வைஃபை நம்பர் தாங்க" என்று பக்கத்து வீட்டுத் தம்பி வந்து நின்றால், பூட்டிவிட்டோம் என்று சொல்ல மனம் வராது. சொல்லவும் வேண்டாம்.

பெரும்பாலான ரூட்டர்களில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற விருந்தினர் வைஃபை இருக்கிறது. அதற்குத் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். அதில் வருபவர் இணையத்தைப் பயன்படுத்தலாம்; உங்கள் மடிக்கணினியையோ அமைப்பு அறையையோ பொதுவாக எட்ட முடியாது. திண்ணையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுக்கிற மாதிரி. விருப்பப்பட்டால் இரவில் அணைத்துவிடலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. விருந்தினர் வைஃபையில் போனாலும் வெளியே தெரிவது அப்பாவின் பெயரில் உள்ள இணைப்புதான். 114ஏ அதைப் பிரித்துப் பார்க்காது. ஆகவே தெரிந்த பிள்ளைகளுக்குக் கொடுங்கள், யாரிடம் கொடுத்தீர்கள் என்று நினைவில் வையுங்கள், தீபாவளி, கல்யாணம் என்று கூட்டம் வந்து போன பிறகு மாற்றிவிடுங்கள். கைப்பேசியில் காட்டும் கியூஆர் குறியைப் படம் பிடித்தவர் அதை யாருக்கும் அனுப்பலாம் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

வெளியில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றியோ வேறு எங்கோ, ஐந்து ஆறு பேர் சேர்ந்து வாடகை வீடு எடுக்கிறீர்கள். இணையம் ஒருவர் பெயரில். போன ஆண்டு அந்த வீட்டில் இருந்தவர்களுக்கும், அவர்களின் நண்பர்களுக்கும் கடவுச்சொல் தெரியும். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால், ஒவ்வொரு செமஸ்டரும் ஆட்கள் மாறும்போது கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

தெரிந்துகொண்டதை எங்கே பயன்படுத்துவது?

இவ்வளவையும் படித்த பிறகு, பக்கத்து வீட்டுப் பெட்டியில் 'அட்மின்' வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றவியல் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் ஒருவரின் கணினிக்குள் நுழைந்தால் 50,000 வெள்ளி வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கடவுச்சொல்லை உரிமையில்லாதவரிடம் கொடுப்பதற்கும் அதே சட்டத்தில் தண்டனை உண்டு. விளையாட்டுக்குச் செய்தேன் என்பது பதிலாகாது.

கதவைத் தட்டி, "ஆன்ட்டி, உங்க ரூட்டர் பாஸ்வேர்டை மாத்திட்டீங்களா? நான் வந்து மாத்தித் தரட்டுமா?" என்று கேட்டுச் செய்தால் அது உதவி. செய்து முடித்துப் புதிய கடவுச்சொல்லை அவர்கள் கையாலேயே எழுத வையுங்கள். நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஏற்கெனவே யாரோ நுழைந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவைக்கு 1-300-88-2999 என்ற எண்ணில் புகார் செய்யலாம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் உங்கள் வங்கியையோ, தேசிய மோசடி பதிலளிப்பு மையத்தை 997 என்ற எண்ணிலோ அழையுங்கள்.

நம் அப்பா அம்மாக்கள் நமக்காகப் பல இடங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பள்ளிப் பாரத்தில், கடன் பத்திரத்தில், இந்த இணைய ஒப்பந்தத்தில். முன்னவற்றில் நம்மால் பெரிதாக உதவ முடியாமல் போயிருக்கலாம். இந்த ஒன்றில் முடியும். இன்று மாலை பெட்டியைத் திருப்பி, அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதில் இருப்பதே இன்னும் வேலை செய்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது.